பார்த்ததாகச் சொன்ன பறவைகள்

பாலக்கரையில் முகம்மது கனி என்று விசாரித்தால் பத்துப் பேரைக் காட்டுவார்கள். ‘ஆமை பாய்’ என்று கேளுங்கள், நேராக அவர் வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக ஸ்கூல் வேன் ஓட்டுகிற மனிதர். காலையில் பாலக்கரைப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மரக்கடை, மெயின்கார்டு கேட், சத்திரம், காவிரிப் பாலம் என்று ஊர்ந்துபோய் ஸ்ரீரங்கத்துப் பள்ளிக்கூடத்தில் இறக்குவார். சாயங்காலம் அதே வழியில் திரும்பி வந்து அவரவர் வீட்டு வாசலில் விடுவார். வேகமுள் முப்பதைத் தாண்டியதில்லை. பின்னால் வருகிற ஆட்டோக்காரர்கள் அவருடைய ஏழு தலைமுறையையும் இழுப்பார்கள். மனிதர் அசையமாட்டார்.

இத்தனை வருஷத்தில் வேனில் ஒரு கீறல் கிடையாது. ஒரு பிள்ளைக்கு முழங்கால் சிராய்ப்புகூடக் கிடையாது. அதைத் திறமை என்று ஊர் சொல்லும். உள்ளதைச் சொன்னால் அது பயம். காலையில் பிள்ளையை வேனில் ஏற்றிவிடும்போது தாய்மார்கள் சொல்கிற ஒரு வார்த்தை உண்டு. “அல்லாவுக்கும் உங்களுக்கும் அமானத்து பாய்.” அமானத்து என்றால் நம்பி ஒப்படைத்த பொருள். கேட்கும்போது கொடுத்தபடியே திருப்பித் தர வேண்டும். மற்றவர்களுக்கு அது வாய்ப்பழக்கம். கனிக்கு மட்டும் ஒவ்வொரு நாளும் அடிவயிற்றில் போய் இறங்கும்.

அப்பேர்ப்பட்டவரை அவர் மகள் சம்ரீன் சிங்கப்பூருக்கு வரச்சொல்லிவிட்டாள். மருமகன் நஸ்ருல்லாவுக்கு அங்கே கப்பல் பட்டறையில் வேலை. மே மாதம், பள்ளிக்கூட லீவு. தட்டிக் கழிக்கக் காரணமும் இல்லை. விமானம் கிளம்பும்போது கண்ணை மூடி ஓத ஆரம்பித்தவர், இறங்கிய பிறகுதான் நிறுத்தினார். அவர் மனைவி ஹாஜிராவோ ஜன்னலோரம் உட்கார்ந்து மேகத்தை எண்ணிக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று கனி அன்றைக்கு நினைத்தார். அது எவ்வளவு பெரிய தப்பு என்று பிறகு தெரிந்தது.

மூன்றாம் நாள் நஸ்ருல்லா அவர்களை ஊரின் வடகோடியில் இருக்கிற சதுப்புக் காட்டுக்கு அழைத்துப்போனான். “கடை கடையா அலைஞ்சு என்ன மாமா பண்ணப் போறோம்? காத்தாட நடந்துட்டு வருவோம்” என்றான். கையில் ஒரு பைனாகுலர். அதை விளையாட்டாக மாமியாரிடம் கொடுத்தான். அவ்வளவுதான், பிறகு அது அவன் கைக்குத் திரும்பவே இல்லை.

ஹாஜிராவுக்கும் பறவைக்கும் அதுவரை இருந்த உறவு, மொட்டை மாடியில் காயும் வத்தலைக் கொத்த வருகிற காக்காயைச் சூ என்று விரட்டியதோடு சரி. அன்றைக்கு என்ன நேர்ந்ததோ, பிடித்துக்கொண்டது. “யா அல்லா, அந்தக் கொக்கு கழுத்தப் பாருங்க! கம்பி மாதிரி நீட்டிட்டு நிக்குது!” என்பாள். இரண்டடி நடப்பாள், மறுபடியும் நிற்பாள். சம்ரீன் சிரித்துச் சிரித்து ஓய்ந்துபோனாள். “அத்தா, அம்மாவ இங்கேயே விட்டுட்டுப் போயிருங்க. டிக்கெட் கிழிக்கற வேலை வாங்கித் தரேன்.”

ஓடைக்கரையில் ஒரு மரக்கூண்டு மாதிரி கட்டியிருந்தார்கள். அங்கே ஒரு சீனத்து அம்மாள், மூன்று கால் வைத்த நீளமான தொலைநோக்கியை எதிர்க்கரை மரத்துக்கு நேராக நிறுத்தி வைத்துக்கொண்டு, வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். ஹாஜிரா பார்த்தாள். “மீன்கொத்தி! வயிறு வெள்ள, முதுகு நீலம். கண்ணு சிமிட்டறதுகூடத் தெரியுதுங்க!” அடுத்து கனியை முன்னால் தள்ளினாள்.

அவர் வலது கண்ணில் வியர்வை இறங்கி எரிந்துகொண்டிருந்தது. துண்டால் அதைப் பொத்திக்கொண்டு இடது கண்ணை வைத்துப் பார்த்தார்.

ஒன்றும் இல்லை. மேலே கொஞ்சம் வெளுப்பு, பழைய பால்கவரை வெளிச்சத்தில் பிடித்த மாதிரி. நடுவிலும் கீழேயும் ஒன்றுமே இல்லை. யாரோ கருவியை ஆட்டிவிட்டார்கள் என்று நினைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வலது கண்ணை வைத்தார். அங்கேதான் இருந்தது மீன்கொத்தி, நீலமும் வெள்ளையுமாக, அலகைத் திருப்பி அவரையே பார்த்துக்கொண்டு. மறுபடியும் இடது கண். ஒன்றும் இல்லை.

அவருக்கு வந்த முதல் நினைப்பு கண்ணைப் பற்றியது இல்லை. வேனில் பிள்ளைகள் ஏறுவதும் இறங்குவதும் இடது பக்கம்.

“என்னங்க, தெரிஞ்சுதா?” என்றாள் ஹாஜிரா.

“பாத்தேன் பாத்தேன். நல்லா இருக்கு” என்றார்.

அங்கே ஆரம்பித்தது அந்தப் பொய். மடியில் கனம் ஏறிவிட்டால் வழியெல்லாம் பயம்தான். அதற்குப் பிறகு இருந்த ஐந்து நாளும் ஹாஜிரா எதைக் காட்டினாலும் “ஆமா, பாத்தேன்” என்று முந்திக்கொண்டு சொன்னார். நல்ல கண்ணால் தேடிப் பார்க்கலாமே என்றுகூடத் தோன்றவில்லை. தேடுகிறார் என்று தெரிந்துவிடக் கூடாதே! கிளம்புவதற்கு முந்தின நாள், மகள் வீட்டுக்குக் கீழே பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது ஹாஜிரா இடது பக்கத்து மரத்தைக் காட்டினாள். “ஏங்க, அதே மீன்கொத்தி இங்கயும் வந்திருக்கு. கீழ்க்கிளையில, தெரியுதா?”

“ஓ, தெரியுதே. என்னா நீலம்!”

ஹாஜிரா பைனாகுலரை மடியில் இறக்கினாள். அதற்குப் பிறகு அன்றைக்கு அவள் அதை எடுக்கவில்லை. மகளைப் பிரிகிற வருத்தம் என்று கனி நினைத்துக்கொண்டார்.

திருச்சிக்கு வந்தார்கள். விடியற்காலை பஜ்ர் தொழுதுவிட்டு வந்ததும் கனி மொட்டை மாடிக்குப் போவார். வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மலைக்கோட்டையைப் பார்ப்பார். உச்சியில் புகை மாதிரி ஏதோ நிற்கும். அதற்குக் கீழே அவ்வளவு பெரிய பாறை இருந்த இடம் தெரியாது. பிறந்ததிலிருந்து பார்த்த மலை! கையை எடுத்தால் வந்துவிடும், பொத்தினால் போய்விடும். இன்றைக்கு நேற்றைவிடக் கொஞ்சம் தெரிகிறதோ என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வார். கண் டாக்டரிடம் போகவில்லை. போனால் அவர் அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவார். பெயர் வைத்த பிறகு நோய் வீட்டைவிட்டுப் போகாது என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். போன தடவை லைசென்ஸ் புதுப்பித்தபோது கண் சர்டிபிகேட்டில் யாரோ தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டது ஞாபகம் வந்தது. அன்றைக்கு அதிர்ஷ்டம் என்று சந்தோஷப்பட்டாரே, அதையும் நினைத்து நொந்துகொண்டார்.

சொல்லிவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். வெளியில் இருப்பவருக்கு எளிது. வேன் இல்லையென்றால் கனி யார்? ஐம்பத்தாறு வயதில் வேறு எந்தக் கதவைத் தட்டுவது? அதைவிட, இந்தத் தாய்மார்கள் என்ன நினைப்பார்கள்? கண் தெரியாமலா இத்தனை நாள் எங்கள் பிள்ளையை ஏற்றிக்கொண்டு ஓட்டினாய் என்று கேட்டால் எந்த முகத்தைக் கொண்டுபோய் வைப்பது? அதனால் வாயை மூடிக்கொண்டார். நெருப்பை மடியில் கட்டிக்கொண்டு ஜூன் மாதம் வேனை எடுத்தார்.

கண் போன இடத்தைக் காதால் அடைக்கப் பார்த்தார். புதுச் சட்டம் ஒன்று போட்டார். வீட்டில் இறங்குகிற பிள்ளை நேராக வாசற்படி ஏறி, அங்கிருந்து தன் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். அது காதில் விழுகிறவரை பிரேக்கிலிருந்து காலை எடுக்கமாட்டார். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டமாகிவிட்டது. நாலாவது படிக்கிற அர்ஹம் போடுகிற சத்தத்தில் தெருநாய் எழுந்து ஓடும். இரண்டாவது படிக்கிற ஆலியாவுக்குக் கீச்சுக் குரல், அதைத்தான் காது கொடுத்துக் கேட்க வேண்டும். கேட்ட பிறகும் அவர் இரண்டு தடவை இடது கண்ணாடியைப் பார்ப்பார். தலையை முழுக்கத் திருப்பி வலது கண்ணால் பார்ப்பார். கிளம்பிய பிறகு, சக்கரம் எதன்மேலாவது ஏறி இறங்கியதோ என்று பின்கண்ணாடியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார். வேகத்தடையில் ஏறினாலும் சட்டை நனைந்துவிடும்.

இரண்டாவது வாரம் ஹாஜிரா பர்தாவை மாட்டிக்கொண்டு, மருமகன் கொடுத்தனுப்பிய பைனாகுலரோடு வேனின் முன்சீட்டில், இடது பக்கம் ஏறி உட்கார்ந்தாள்.

“எங்க கிளம்பிட்ட?”

“காவேரில கொக்கு நாரையெல்லாம் வந்திருக்காம். பாத்துட்டு வரேனே. வீட்டுல தனியா சுவத்த முறைச்சுக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா?”

“நல்ல கூத்தா இருக்கு! வேன் என்ன டூரிஸ்ட் பஸ்ஸா?”

சொன்னாரே தவிர, மனசிலிருந்து ஒரு பாறையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. பாலத்தின்மேல் போகும்போது “நாரை, ரெண்டு நாரை!” என்று பிள்ளைகளோடு சேர்ந்து கத்துவாள். பாலம் தாண்டி மாம்பழச்சாலைக்குள் நுழைந்தாலும் அவள் வாய் ஓயாது. “ஏங்க, இடப்பக்கம் மரத்துல ஏதோ உக்காந்திருக்கு, மெதுவாப் போங்க” என்பாள். மெதுவாகப் போவார். அந்த நேரம் பார்த்து இடது பக்கத்தில் ஒரு சைக்கிள்காரர் ஒடித்துக்கொண்டு கடப்பார். பிள்ளைகள் இறங்கும்போது அவளும் கூடவே இறங்கி, வாசல்வரை விட்டுவிட்டு வந்து ஏறுவாள். “காலு மரத்துப்போச்சு, கொஞ்சம் நடந்தா தேவல” என்பாள். பறவைக் கிறுக்கு பிடித்ததும் நல்லதுக்குத்தான் என்று கனி நினைத்தார். பயம் பாதியாகக் குறைந்தது. பாதிதான்.

ஆகஸ்டில் ஒரு நாள், துவாக்குடியில் இருக்கிற அவள் தங்கை வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டாள். ஹாஜிரா போக வேண்டியதாயிற்று. கிளம்பும்போது வாசலில் நின்று தயங்கினாள்.

“இன்னைக்கு ஒரு நாளு லீவு சொல்லிருங்களேன்.”

“காலைல ஆறு மணிக்கு எந்தத் தாய்க்காரிகிட்டப் போயி லீவு சொல்றது? நீ போயிட்டு வா.”

“சரி. பாத்து.” அவள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பஸ் வந்துவிட்டது.

காலை நடை பிழைத்தது. சாயங்காலம் பாலக்கரைக்குள் நுழைந்தபோது ஆறு பிள்ளைகள் பாக்கி. முதலில் ஆலியா வீடு. வண்டியை நிறுத்தினார். ஆலியா இறங்கினாள். கதவை அடித்துச் சாத்துகிற சத்தம். காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். “ஆலியாஆ!” என்று வாசற்படியிலிருந்து கீச்சுக் குரல் வந்தது. அல்ஹம்துலில்லாஹ். இடது கண்ணாடியைப் பார்த்தார், தலையைத் திருப்பிப் பார்த்தார், யாருமில்லை. முன்னால் திரும்பினார். முதல் கியரைப் போட்டார். வண்டி ஒரு முழம் நகர்ந்தது.

வேனின் பக்கவாட்டில் யாரோ இரண்டு கையாலும் ஓங்கி ஓங்கி அறைந்தார்கள்.

“பாய்! நிறுத்து! அடப்பாவி மனுசா, நிறுத்து!”

பிரேக்கை மிதித்தார். வண்டி குலுங்கி நின்றது. முனையில் பூக்கட்டி விற்கிற வியாகுலம்மாள், கூடையை நடுத்தெருவில் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள். குனிந்து, முன்சக்கரத்துக்குப் பக்கத்திலிருந்து ஆலியாவைக் கக்கத்தில் கைபோட்டுத் தூக்கினாள். பிள்ளையின் கையில் தண்ணீர்ப் பாட்டில். படியில் ஏறிப் பெயரையும் சொல்லிவிட்டு, இறங்கும்போது நழுவி உருண்ட பாட்டிலை எடுக்க ஓடி வந்திருக்கிறாள். சக்கரத்துக்கும் அவள் செருப்புக்கும் நடுவில் நாலு விரற்கடைதான் இருந்தது.

“மாதாவே, கண்ணு முன்னாலதானே ஓடி வந்துச்சு புள்ள! பாக்கலியா பாய் நீயி?”

முகம்மது கனி தலையை முழுக்கத் திருப்பி வலது கண்ணால் பார்த்தார். ஆலியா அழக்கூட இல்லை. என்ன நடந்தது என்றே அவளுக்குத் தெரியவில்லை. “பாட்டில் நசுங்கல அங்கிள்” என்று தூக்கிக் காட்டினாள்.

என்ஜினை அணைத்தார். சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மிச்சம் இருந்த ஐந்து பிள்ளைகளையும் இறக்கி, கையைக் கோத்து வரிசையாகப் பிடிக்கச் சொல்லி, அர்ஹத்தைக் கடைசியில் நிறுத்திக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். பிள்ளைகளைத் தம் வலது பக்கமாக வைத்துக்கொண்டார். சந்தில் வந்த ஒவ்வொரு பைக்குக்கும் நின்றார். ஐந்து வீடு. ஒவ்வொரு வாசலிலும் தாய்க்காரி கேட்டாள், “என்ன பாய், நடத்திக் கூட்டிட்டு வரீங்க?”

“வண்டி ரிப்பேரும்மா.”

ஐந்து வாசலிலும் அதே பதில். ஐந்தாவது வாசலில் அர்ஹத்தின் அம்மா, “மெனக்கெட்டு நடந்து வந்திருக்கீங்களே, உங்கள மாதிரி யாரு பாய் இருக்கா” என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கனி அதை வாங்கி, குடிக்காமல் படியிலேயே வைத்துவிட்டுத் திரும்பினார்.

ஹாஜிரா துவாக்குடியிலிருந்து திரும்பியபோது மஃரிப் தாண்டி இருட்டிவிட்டது. வாசலில் வேன் இல்லை. உள்ளே ஓடி வந்தாள். கனி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார்.

“புள்ளைங்க?” என்றாள். வேறு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

“நல்லா இருக்கு. ஆலியா சக்கரத்துக்கிட்ட... வியாகுலம்மா பாத்துட்டா. ஒண்ணும் ஆவல.” மூச்சை இழுத்துக்கொண்டார். “ஹாஜிரா, எனக்கு எடது கண்ணு தெரியல.”

அவள் எதிரில் பொத்தென்று உட்கார்ந்தாள். “தெரியும்” என்றாள்.

“என்ன தெரியும்?”

“சிங்கப்பூர்லயே தெரியும். சம்ரீன் வீட்டுல எடப்பக்கம் வச்ச டீயை ரெண்டு தடவ தட்டி விட்டீங்க. அப்பவே சந்தேகம். கெளம்பறதுக்கு மொத நாளு பூங்காவுல மீன்கொத்தி காட்டுனேன்ல?”

“ஆமா.”

“அந்த மரத்துல ஒண்ணுமே இல்லீங்க. வெறும் மரம். நீங்க என்னா நீலம்னீங்க.”

கனி அவளையே பார்த்தார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “தெரிஞ்சும் ஏண்டி ஒரு வார்த்த கேக்கல? கையப் புடிச்சு நிறுத்தியிருக்க வேணாமா?”

“பயந்துட்டேன்!” என்று அவளும் கத்தினாள். முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் அவரிடம் கத்தியதில்லை. “கேட்டா ஒத்துக்கணும். ஒத்துக்கிட்டா வண்டிய விடணும். வண்டிய விட்டா நீங்க ஒடைஞ்சுபோயி மூலையில உக்காந்துருவீங்கன்னு பயந்துட்டேன். அதான் நாரை பாக்கறேன் கொக்கு பாக்கறேன்னு பக்கத்துலயே வந்தேன். எனக்கு மட்டும் நாரை வேண்டிக்கெடக்கா? ஒவ்வொரு புள்ளயும் எறங்கறப்ப எனக்கு ஈரக்கொல நடுங்கும். நாம ரெண்டு பேரும் நம்ம பயத்துக்காவ அடுத்தவங்க அமானத்த வச்சு வெளையாடிட்டோம். அல்லா மன்னிப்பானா தெரியல.”

பிறகு இரண்டு பேரும் அழுதார்கள். அதைச் சொல்ல என்ன இருக்கிறது.

மறுநாள் காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போக ஹாஜிராவின் அண்ணன் மகன் வந்தான். கனி சட்டைப்பையிலிருந்த சாவியை எடுத்து, வண்டி ஆலியா வீட்டு வாசலில் நிற்கிறது என்று சொல்லிக் கொடுத்தார். புருஷனும் பொண்டாட்டியுமாகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் சின்ன வயசுக்காரர். விளக்கடித்துப் பார்த்தார், கண்ணுக்குள் அழுத்தம் பார்த்தார். “கண் நீர் அழுத்தம். வலி இல்லாம நரம்பைத் தின்னுரும். போனது வராது, இருக்கிறதைச் சொட்டுமருந்து போட்டுக் காப்பாத்தலாம். எவ்வளவு போயிருக்குன்னு ஒரு டெஸ்ட் எடுத்துருவோம். என்ன வேலை பாக்கறீங்க?”

கனி ஹாஜிராவைப் பார்த்தார். “ஸ்கூல் வேன் ஓட்டறேங்க.”

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். “டெஸ்ட் ரிப்போர்ட் வரட்டும். அதைப் பாத்துட்டுத்தான் எதுவும் சொல்ல முடியும்.”

ரிப்போர்ட் வரட்டும். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு கனியின் மனசு ஏறியது. வெட்கங்கெட்ட மனசு! ரிப்போர்ட் கொஞ்சம் பரவாயில்லை என்று வந்துவிட்டால்? மெதுவாகத்தானே ஓட்டுகிறோம், ஹாஜிராவும் பக்கத்தில் இருக்கிறாளே?

இருட்டறை. ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னாள் அங்கே வேலை பார்க்கிற பெண். வலது கண்ணைக் கட்டினாள். கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். “நடுவுலயே பாத்துக்கிட்டு இருங்க. அங்கங்க சின்னதா வெளிச்சம் வரும். தெரிஞ்சா மட்டும் அமுக்குங்க. சும்மா குத்துமதிப்பா அமுக்கிராதீங்க.” ஹாஜிராவை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டுக் கதவை ஒருக்களித்து வைத்தாள்.

மேல் ஓரத்தில் ஒரு புள்ளி மினுக்கியது. அமுக்கினார். இன்னொன்று. அமுக்கினார். அப்புறம் ஒன்றும் வரவில்லை.

ஆனால் காது கேட்டது. வெளிச்சம் இடம் மாறும்போதெல்லாம் எந்திரத்துக்குள் சின்னதாக ஒரு ‘டிக்’. இரண்டு மாதம் காதை வைத்தே பிழைப்பு நடத்தியவர் அல்லவா, உடனே பிடிபட்டுவிட்டது. டிக் என்றதும் ஒரு மூச்சு விட்டு அமுக்கினால் போதும். பார்த்தேன், பார்த்தேன், பார்த்தேன். யாருக்குத் தெரியப்போகிறது? டிக். கட்டைவிரல் பொத்தான்மேல் வியர்த்தது. டிக். நசுங்காத பாட்டிலைத் தூக்கிக் காட்டிய கை கண்ணுக்குள் வந்தது. அதற்கு வெளிச்சம் வேண்டியிருக்கவில்லை. டிக். டிக். விரலைப் பொத்தானிலிருந்து எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

ரொம்ப நேரம் கழித்து அந்தப் பெண் கேட்டாள். “ஐயா, தூங்கிட்டீங்களா? வெளிச்சம் தெரிஞ்சா அமுக்கணும்ங்க.”

“முழிச்சுக்கிட்டுதாம்மா இருக்கேன்” என்றார் முகம்மது கனி. வெளியில் பெஞ்சில் இருக்கிறவளுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னார். “எனக்கு ஒண்ணும் தெரியல.”